குளிருக்குப் பெருவிரல், வெயிலுக்குக் கால்

இந்தக் குளிர்காலத்தில் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். கடைசியாகக் கேட்டவர் கோயிலில் சப்பாத்துக் கழற்றுகிற இடத்தில், ஒற்றைக் காலில் நின்றபடி கேட்டார்: "எங்கட பெடியனுக்கும் உங்கட மகள் ஓடுற அந்தப் பனி ஸ்கூட்டர் வேணுமாம் அண்ணை. எவ்வளவு முடியும்? எங்க வாங்கலாம்?" அவருக்குப் பதில் சொல்லத் தொடங்கி, பூசையும் முடிந்து, அன்னதானமும் முடிந்துபோனது. ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் இனிக் கேட்கிறவர்களுக்கு அனுப்பிவிடலாம்.

எங்களைப் பற்றி நாலு வரி. ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸில் இருக்கிறோம். எனக்கு வெயர்ஹவுஸில் இரவு வேலை. மகளுக்கு இப்போது 10 வயது. 6 வயதில் தொடங்கினாள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை 120 சிசி ஸ்னோமொபைல் (அந்தப் பனி ஸ்கூட்டர்தான்), மே தொடக்கம் செப்டெம்பர் முடிய கார்ட் என்கிற சின்னப் பந்தயக் கார். நான் மெக்கானிக் படித்தவன் இல்லை. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடை நேரம் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்களுக்குத் தெரியும்: காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலைப் பீச்சி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவோம். என் படிப்பு அவ்வளவுதான். பிள்ளைகளின் இந்த இரண்டு மிசினுக்கும் அது போதுமாக இருக்கிறது.

வாங்க முதல்

ஒன்றும் வாங்காதீர்கள். ஜனவரியில் ஏதாவது ஒரு ஸ்னோமொபைல் போட்டிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், விடியக் காலை தொடங்கிப் பின்னேரம் வரை வேலியோரம் நில்லுங்கள். காருக்குள் இருந்து பார்ப்பது கணக்கில் இல்லை. கறுப்புநிற மிசின்கள் பாய்வதை எந்தப் பிள்ளையும் அரை மணித்தியாலம் ரசிக்கும். மைனஸ் 18 பாகையில் மூன்றாவது மணித்தியாலமும் கால் விரல் விறைத்தபடி "அப்பா, அடுத்தது எந்த வகுப்பு?" என்று கேட்கிற பிள்ளைக்குத்தான் இது. என் மூத்தவன் இரண்டாவது மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றான். அவன் இப்போது சதுரங்கம் விளையாடுகிறான், சந்தோஷமாக இருக்கிறான், செலவும் இல்லை.

கார்ட்டுக்கு வழி லேசு. வாடகைக்குக் கார்ட் ஓடவிடும் இடங்கள் உண்டு. வடக்கே ஸ்ரூவில் பக்கம் இருக்கும் குட்வூட் கார்ட்வேஸ் போன்ற ஒரு தடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா போய் நின்றாலே, பிற்றில், அதாவது கார்ட்டைத் தயார்பண்ணும் இடத்தில், எந்தக் குடும்பம் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கும். ஸ்காபுறோவில் பிறந்து இண்டி கார்ப் பந்தயம் வரை போன போல் றேசியும் சின்ன வயதில் கார்ட்டில் தொடங்கியவர்தான். எங்கள் சனம் இத்தனை பேர் இருக்கிற அதே ஸ்காபுறோ என்று மகளுக்கு நான் அடிக்கடி சொல்லுவேன். அவள் அடிக்கடி கண்ணை உருட்டுவாள்.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். ஒன்ராறியோவில் 12 வயதாகி, அதற்குரிய அனுமதிப் பத்திரமும் எடுத்தால்தான் ஸ்னோமொபைல் பாதைகளில் ஓடலாம். ரோட்டைக் கடக்க 16 வயதாக வேண்டும். ஆகவே 7 வயதுப் பிள்ளைக்கு ஸ்லெட் (ஸ்னோமொபைலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வாங்கினால் அது ஓடுவது போட்டித் தடத்திலும் தனியார் காணியிலும் மட்டும்தான். ஏஜாக்ஸில் எங்கள் வீட்டுப் பின்வளவு நாற்பது அடி. ஒறிலியாப் பக்கம் காணி வைத்திருக்கிற ஒரு சிநேகிதர் கிடைக்காவிட்டால் நாங்களும் தொடங்கியிருக்க மாட்டோம். மிசினைத் தேட முன் இப்படியொரு காணிக்காரரைத் தேடுங்கள்.

பழையதை எப்படிப் பார்த்து வாங்குவது

புதிது வேண்டாம். பிள்ளை இரண்டு வருடத்தில் வளர்ந்துவிடும்.

120 என்பது கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணுகிற நாலு ஸ்ற்றோக் மிசின். வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி இறைத்த மிசினைக் கழற்றிப் பூட்டியவர் எவருக்கும் இதில் புதிர் இல்லை. ஆர்க்ரிக் கற், பொலாரிஸ், ஸ்கீ-டூ எல்லாரும் செய்திருக்கிறார்கள். கடையிலிருந்து வரும்போது மணிக்குச் சுமார் 13 கிலோமீற்றருக்கு மேல் போகாதபடி அடக்கி வைத்திருப்பார்கள். முதல் குளிர்காலம் முழுக்க அதை அப்படியே விடுங்கள்.

பார்க்க வேண்டியவை: கீழே ஓடும் ரப்பர்ப் பட்டியைப் பின்பக்கம் தூக்கிவைத்துக் கையால் சுற்றி, ஓரங்களில் கிழிசல் இருக்கிறதா என்று தடவுங்கள். அந்தப் பட்டி வழுக்கி ஓடும் பிளாஸ்ரிக் தண்டவாளம் பனியால்தான் குளிர்கிறது. பனி இல்லாத வெறும் ஐஸிலோ தாரிலோ முன்னைய சொந்தக்காரர் ஓடவிட்டிருந்தால் அது உருகி மழுங்கியிருக்கும். ஸ்கீயின் அடியில் இருக்கிற கார்பைட் கம்பி கூராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹாண்டிலைத் திருப்பினாலும் மிசின் நேரே போகும். கடைசியாக, மிசின் ஓடிக்கொண்டிருக்கையில், ஓடுகிறவரின் உடுப்பில் கொழுவுகிற பாதுகாப்புக் கயிற்றைப் பிடுங்குங்கள். எஞ்சின் உடனே நிற்க வேண்டும். பிள்ளை விழுந்தால் மிசினை நிறுத்துவது அந்தக் கயிறு ஒன்றுதான். ஒரு வினாடி தாமதித்து நின்ற மிசினை நான் வாங்காமல் வந்தேன். விற்றவர் "சின்ன வயரிங் பிரச்சினை" என்றார். சின்னதோ பெரிதோ, அதைத் திருத்திவிட்டு அவர் விற்கட்டும்.

கார்ட்டில் என் மூக்கு உடைபட்டது. ஒரு கடையில் 3,200 டொலர் கொடுத்து, பூச்சைப் பார்த்து மயங்கி வாங்கிவந்தேன். வீட்டில் ஸ்ராண்டில் ஏற்றிப் பின் சில்லைச் சுற்றினால், பல்சக்கரம் கலியாண வீட்டில் மூக்கு முட்டச் சாப்பிட்டவர் நடப்பதுபோல அசைகிறது. அச்சு வளைந்திருக்கிறது. இதைக் கடையிலேயே அரை நிமிடத்தில் பார்த்திருக்கலாம். ஆகவே: சில்லைச் சுற்றிப் பாருங்கள். பிறகு கார்ட்டைச் சரித்து, அடிக் குழாய்கள் ஓரக்கல்லில் தேய்ந்து தட்டையாகிவிட்டனவா என்று விரலால் உணருங்கள். சீற்றைப் பிடித்திருக்கும் தாங்கிகளின் வெல்டிங்கில் மயிர்க்கோடு போல வெடிப்பு வரும். துணியால் துடைத்துவிட்டு ரோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

எஞ்சினுக்கு நான் சொல்வது பிறிக்ஸ் அன்ட் ஸ்ரற்றன் 206. ஃபக்ரறியிலேயே முத்திரை வைத்து அனுப்புகிறார்கள். முத்திரை உடைந்தால் போட்டியில் விடமாட்டார்கள், அதனால் எந்தப் பணக்காரத் தகப்பனும் உள்ளே கைவைத்துக் குதிரைவலு கூட்ட முடியாது. எங்களைப் போல ஓவர்ரைம் காசில் வருகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய கருணை இந்த விளையாட்டில் இல்லை. சின்னப்பிள்ளைகளுக்குக் காபரேற்றருக்குள் ஒரு தடுப்பு வைத்து வேகத்தைக் குறைப்பார்கள். பிள்ளை வளர வளர அதை மாற்றலாம், எஞ்சின் அதேதான்.

தலையும் பின்னலும்

ஒரே ஹெல்மெற்றை இரண்டுக்கும் போடலாம் என்று நானும் நினைத்தேன். முடியாது. பனிக்கு முன்னால் தொப்பி விளிம்பு வைத்த, கண்ணாடி தனியாகப் போடுகிற ஹெல்மெற். கார்ட்டுக்கு முகக்கண்ணாடி பூட்டிய, காற்றை வெட்டுகிற வடிவம். கார்ட்டுக்கு வாங்கும்போது உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரில் சிஎம்ஆர் என்று இருக்கிறதா பாருங்கள். அது பிள்ளைகளுக்கென்றே, ஹெல்மெற்றுகளைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பு வைத்த தரம், பாரத்துக்கும் வரம்பு உண்டு. பெரியவர்களின் ஹெல்மெற்றைப் பஞ்சு வைத்துப் போட்டுவிட்டால் பிள்ளையின் கழுத்து அந்தப் பாரத்தைத் தாங்காது. கழுத்துப் பட்டியும் விலா எலும்புக் கவசமும் கட்டாயம். கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது. ஓரக்கல்லில் ஏறினால் சீற்றின் விளிம்பு நேரே விலாவில்தான் குத்தும்.

பெண்பிள்ளைகளின் அப்பாமாருக்கு ஒன்று. என் மகளுக்கு இடுப்பு வரை இரட்டைப் பின்னல். அம்மம்மாவின் பெருமை அது. கார்ட்டில் முதுகுக்குப் பின்னால் அரை அடியில் அச்சும் சங்கிலியும் சுற்றுகின்றன. பின்னல் வெளியே தொங்கினால் என்ன நடக்கும் என்று நான் எழுத விரும்பவில்லை. இப்போது நடைமுறை இதுதான்: ஒற்றைப் பின்னல், அதைச் சுற்றித் துணித் தொப்பி, தொப்பியின் நுனி சூட்டுக்குள், மேலே கழுத்துப் பட்டி. பிற்றிலிருந்து புறப்பட முதல் நான் பின்கழுத்தில் கைவைத்துப் பார்ப்பேன். பிரேக் பார்க்க மறந்தாலும் இதை மறந்ததில்லை. சரி, பிரேக்கும் பார்ப்பேன். ஸ்லெட்டிலும் இதே விதி. சால்வை, தொங்கும் கயிறு எதுவும் வேண்டாம்.

உடம்பு குழம்பும் மூன்று கிழமை

நான் எழுத உட்கார்ந்ததே இதற்காக. மற்றதெல்லாம் விசாரித்தால் யாரும் சொல்வார்கள்.

ஸ்லெட்டில் வலது கைப் பெருவிரலால் வேகம் கூட்டும் த்ரொட்டிலை அமத்த வேண்டும், இடது கையால் பிரேக். வளைவில் உடம்பை உள்பக்கம் சாய்க்காவிட்டால் உள் ஸ்கீ மேலே எழும்பும். பெருவிரலைக் கொஞ்சம் விட்டால் பாரம் முன்னுக்கு வந்து ஸ்கீ பனியைக் கடிக்கும், திரும்ப அமத்தினால் பின்பக்கம் வழுக்கிச் சுற்றும். வழுக்குவதுதான் திரும்புவது.

கார்ட்டில் எல்லாம் தலைகீழ். இரண்டு பின் சில்லும் ஒரே அச்சில் பூட்டியிருப்பதால், வளைவில் உள் பின் சில்லு ஒரு கணம் தரையை விட்டு எழும்பினால்தான் கார்ட் திரும்பும். பிள்ளை ஸ்லெட் பழக்கத்தில் உள்பக்கம் சாய்ந்தால் அந்தச் சில்லை அமத்தி வைத்துவிடுகிறது; கார்ட் முக்கி முனகி வேகத்தை இழக்கிறது. வழுக்கினாலும் அப்படித்தான். 206 எஞ்சினுக்கு இழந்த வேகத்தைத் திரும்பப் பிடிக்கிற பலம் இல்லை. வாசல் வரை போய்த் திரும்ப வருகிற விருந்தாளி மாதிரி அது மெதுவாகத்தான் வரும்.

இது எனக்குப் புத்தகத்தில் விளங்கவில்லை. மகளுக்கு 8 வயதாக இருந்தபோது, மே மாத முதல் பயிற்சி. மூன்று மாதம் பனியில் ஓடிவிட்டு வந்தவள் கொண்டையூசி வளைவிலிருந்து வெளியே வந்து, நேர்ப் பாதையில் ஊர்ந்துகொண்டு போகிறாள். எஞ்சின் பழுதென்று நினைத்தேன். அடுத்த சுற்றில் வேலிக்குக் கிட்டப் போய்க் குந்தியிருந்து பார்த்தேன். வலது கால் பெடலில் சும்மா கிடக்கிறது. கையுறைக்குள் வலது பெருவிரல் மட்டும் ஸ்டியரிங்கை அமத்து அமத்தென்று அமத்துகிறது, நுனி வளைந்து போகிற அளவுக்கு. பிள்ளை முழு வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள், பெருவிரலில்.

அன்றைக்கு நான் கத்தியிருக்கிறேன். அதனால் ஒன்றும் திருந்தவில்லை. இப்போது செய்வது வேறு. ஏப்ரல் நடுப்பகுதியில் கார்ட்டைக் கராச்சில் ஸ்ராண்டில் ஏற்றுவேன், எஞ்சின் ஓட்டாமல். இராச்சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் அவள் ஏறி இருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு தடத்தை வாயால் சொல்ல வேண்டும்: "நேர், நேர், பிரேக், திருப்பு, விடு, அமத்து." வாய் சொல்வதைக் கால் செய்ய வேண்டும். நான் அவளுடைய வலது பெருவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்; அது அசைந்தால் ஒரு தட்டு. மூன்று கிழமை. அவள் சிரித்துச் சிரித்து விழுவாள், ஆனால் மே மாதம் கால் வேலை செய்கிறது. டிசெம்பரில் எதிர்மாறு: சோபாவின் கைப்பிடியில் குதிரை மாதிரி இருத்தி, இடுப்பிலிருந்து உள்ளே சாயப் பழக்குவேன். பெருவிரலுக்கு ரென்னிஸ் பந்து. முதல் கிழமை அந்த விரல்தான் களைத்துப் போகும்.

இந்தக் குழப்பம் வீண் போகிறதா என்று கேட்பீர்கள். கியூபெக்கின் ஜில் வில்நெவ் 1974இல் விஸ்கொன்சின் ஈகிள் றிவரில் ஸ்னோமொபைல் உலகப் பட்டம் வென்றுவிட்டுத்தான் ஃபோர்மியூலா ஒன்னுக்குப் போனார். தம்பி ஜாக் அதே ஐஸ் தடத்தில் 1980, 1982, 1986 என்று மூன்று தரம் வென்றார். வழுக்கும் வாகனத்தை எப்படி அடக்குவது, முன்னால் போகிறவன் கிளப்பும் பனிப்புழுதியில் ஒன்றும் தெரியாமல் எப்படி ஓடுவது என்பதையெல்லாம் தனக்குப் பனிதான் பழக்கியது என்று ஜில் சொல்லியிருக்கிறார். என் பிள்ளை ஃபோர்மியூலா ஒன்னுக்குப் போகப்போவதில்லை. ஆனால் மழையில் கார்ட் ஓடும் நாளில் மற்றப் பிள்ளைகள் பயந்து காலை எடுக்கும் இடத்தில் இவள் எடுப்பதில்லை.

குளிர் நாள்

உடம்போடு ஒட்டுகிற உடுப்பு பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு பிள்ளையை விறைக்க வைக்கும். கம்பளி அல்லது விளையாட்டுக்கென்று விற்கும் செயற்கைத் துணி. கண்ணாடியை இடைவேளையில் நெற்றிக்கு ஏற்ற விடாதீர்கள். நெற்றிச் சூட்டில் உடனே புகார் பிடிக்கும், பிறகு அது உறையும். இரண்டாவது கண்ணாடி ஒன்று என் ஜக்கற்றுக்குள், நெஞ்சோடு இருக்கும். தேர்மோசில் மல்லித்தண்ணி. பக்கத்துப் பிற்றில் இருக்கிற கியூபெக்காரர் முதலில் மணந்து பார்த்து முகம் சுளித்தார். இப்போது வந்தவுடன் கோப்பையோடு நிற்கிறார்.

அவரிடம் நான் வாங்கிய கடனும் உண்டு. ஒருநாள் மைனஸ் 24 பாகை. மிசின் ஸ்ராட் ஆகிறது, அமத்தினால் விக்குகிறது. நான் பிளக்கைக் கழற்றிப் பூட்டிக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், கை உணர்ச்சியே இல்லை. அவர் வந்து பிளக்கின் நுனியைக் காட்டினார்: வெள்ளையாக வெந்திருந்தது. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, அதற்கேற்பப் பெற்றோலும் கூட வேண்டும். மாத்திரைப் போத்தல் ஒன்றுக்குள்ளிருந்து ஒரு நம்பர் பெரிய ஜெற்றை, அதாவது காபரேற்றரில் பெற்றோல் போகும் துளையுள்ள சின்னத் துண்டை, எடுத்துத் தந்தார். எங்கள் வகுப்பில் அதை மாற்றலாம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் மைனஸ் 24 வந்ததில்லையே. இப்போது என் பெட்டியிலும் ஒரு மாத்திரைப் போத்தல் இருக்கிறது. வெப்பநிலையையும் ஜெற் நம்பரையும் கொப்பியில் எழுதி வைக்கிறேன்.

வெயில் நாள்

கார்ட்டில் எஞ்சினைத் தொட முடியாது என்பதால் வேலை முழுக்க ரயர்க் காற்றிலும் பல்சக்கரத்திலும்தான். காற்றை நிழலில் வைத்து, ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஒரு பக்கம் வெயில் பட்டால் அந்தப் பக்கத்து இரண்டு ரயரிலும் அளவு ஏறிவிடும். நீங்கள் அதைக் குறைத்துவிட்டு, ஓடும்போது ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது என்று மண்டையைப் பிய்ப்பீர்கள். ஒரு குடையை விரித்து வைத்தால் முடிந்தது.

பாரத்தில் கவனம். பிள்ளையும் கார்ட்டும் சேர்ந்து இவ்வளவு றாத்தலுக்குக் குறையக் கூடாது என்று ஒவ்வொரு வகுப்புக்கும் உண்டு. குறைந்தால் சீற்றில் ஈயக்கட்டி பூட்ட வேண்டும், கட்டி கழன்று பறக்காதபடி இரட்டை நட் போட்டு. போட்டி முடிந்துதான் நிறுப்பார்கள். நான் காலையில் பெற்றோல் தாங்கியை நிரப்பி நிறுத்து, "சரியாக இருக்கு" என்று திருப்திப்பட்டவன். எரிந்துபோகும் பெற்றோலை நினைக்கவில்லை. அவள் முதல் தரம் இரண்டாம் இடம் வந்த நாள், தராசில் அரை றாத்தல் குறைவு. முடிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதிகாரி ஹெல்மெற்றையும் வைத்து, கையுறையையும் வைத்து, இரண்டாந்தரமும் நிறுத்துப் பார்த்தார், நல்ல மனிதர். மகள் அழவில்லை. "அப்பா, நான் மத்தியானம் றோல்ஸ் ரெண்டையும் சாப்பிட்டிருக்கலாம்" என்றாள். ஒன்றை எனக்குத் தந்திருந்தாள். அதற்குப் பிறகு இரண்டு றாத்தல் மேலதிகமாக வைத்துத்தான் ஓடுகிறோம்.

காருக்குள் வரும்போது நான் போட்டியைப் பற்றிக் கதைப்பதில்லை. அவள் தொடங்கினால் கேட்பேன்.

விழுந்தால்

விழுவார்கள். தலை அடிபட்டதென்று சின்னச் சந்தேகம் வந்தாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது, பிள்ளை என்ன கெஞ்சினாலும். மூளை அதிர்ச்சி பற்றி ஒன்ராறியோவில் 2018இல் றோவன் சட்டம் என்று ஒன்று வந்தது. றக்பி விளையாட்டில் அடுத்தடுத்து அடிபட்டு இறந்துபோன 17 வயதுப் பிள்ளையின் பெயரில். அந்தச் சட்டத்தின் கீழ் தருகிற தாளைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறக்காதீர்கள், வாசியுங்கள். தலையிடி, வெளிச்சம் கூசுவது, வழமைக்கு மாறான சிடுசிடுப்பு வந்தால் டொக்ரர் எழுதித் தரும்வரை மிசினில் ஏற விடக்கூடாது. எங்களுக்கு ஒருமுறை நாலு கிழமை போனது. அந்தப் பருவத்துப் புள்ளியும் போனது.

ஊரும் உறவும்

கோடைச் சனி ஞாயிறுகளில்தான் கலியாணம், சாமத்திய வீடு, தேர்த் திருவிழா எல்லாம் வரும். கார்ட்டும் அதே நாளில்தான். மனைவியும் நானும் ஜனவரியிலேயே கலண்டரை மேசையில் விரித்து, எதை விடுவது என்று சண்டை பிடித்து முடித்துவிடுவோம். நெருங்கிய சொந்தத்தின் கலியாணத்துக்குப் போட்டியை விடுவோம். தூரத்துச் சொந்தத்துக்கு மொய்யை முதல் நாளே கொடுத்துவிடுவோம். "பெட்டைப் பிள்ளைக்கு உதெல்லாம் ஏன்?" என்கிற பெரியம்மா ஒருவர் எல்லார் வீட்டிலும் இருப்பார். எங்கள் பெரியம்மாவை ஒருநாள் தடத்துக்குக் கூட்டிப் போனேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை கோல் எடுத்து, "அந்த நீலச் சட்டைப் பெடியன் இவளை வேணுமெண்டு இடிச்சவன், நீ ஏன் போய்க் கேக்கேல்லை?" என்றார்.

தமிழ் வகுப்பு சனிக்கிழமை காலை. போட்டி நாளில் வகுப்புக்குப் போக முடியாவிட்டாலும் பாடத்தை விடவில்லை, ஆசிரியை வீட்டுப்பாடத்தை வெள்ளியே தந்துவிடுகிறார், ஹைவே 401இல் வாசித்துக்கொண்டு போவாள்.

செப்டெம்பர் முடிய, கார்ட்டின் பெற்றோலை முழுக்க இறக்கி, காபரேற்றரும் காயும்வரை ஓடவிட்டு, சங்கிலிக்கு எண்ணெய் பூசி மூடுங்கள். பிறகு பனி உடுப்பை எடுத்துப் பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள், டிசெம்பரில் அல்ல, அப்போதே. எங்கள் வீட்டில் இந்த வருடம் கை நாலு விரற்கடை கட்டையாகிவிட்டது. அந்த உடுப்பும், அளவு 2 பூற்சும் கராச்சில் இருக்கின்றன. கோயிலில் கேட்ட அண்ணைக்கு வேண்டுமென்றால் சும்மா தருவேன். பழைய ஹெல்மெற்றை மட்டும் கேட்க வேண்டாம். ஒருமுறை அடிபட்டது அது. வாரைக் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன்.